என் மனைவி செத்துப்போகும் படம்

உயிரோடு இருக்கிற என் மனைவிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். எல்லாம் நான் எழுதிய ஒரு சிறுகதையால் வந்த வினை. கதை எழுதினால் நாலு பேர் நல்லது சொல்வார்கள், பத்துப் பேர் நொட்டை சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கி ஒப்பாரி வைப்பார்கள் என்று யார் கண்டது!

நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் தீவுப் பக்கத்திலிருந்து வந்த என் தகப்பனார் கட்டிய வீடு. சண்டை முடிந்து திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். அதன்மேல் மறுபடி கட்டினோம். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். மனைவியும் அங்கேதான்.

மகளின் முதல் பிள்ளைப்பேற்றுக்கு என்று ஏழு வருடங்களுக்கு முன்பு போனவள். ஆறு மாதம் என்ற கணக்கு. எயார்போட்டுக்குப் போகிற வான் வந்து நின்ற பிறகும் குசினிக்குள் ஓடிப்போய் உப்புப் போத்தலின் மூடியை இறுக்கிவிட்டு வந்தாள். வாசல் படலையில் வைத்துத் திரும்பிப் பார்த்து, “போட்டு வாறன்” என்றாள். ஆறு மாதம் ஒரு வருடமானது. பிறகு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பிள்ளைகளை ஆர் பார்ப்பது? நடுவில் ஒரு தடவை மூன்று கிழமைக்கு வந்தாள். அதில் பாதியைக் கோயில்களும் சொந்தக்காரரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள்தான். “வயலை ஆர் பாக்கிறது?” என்றேன். அது சாட்டு. மகளின் வீட்டு பேஸ்மென்றில், மருமகன் வந்தால் எழும்பி, போனால் இருந்து, காலம் தள்ள என்னால் ஏலாது. என் குணம் அப்படி. சுடுதண்ணி என்று அவளே எனக்குப் பட்டம் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்குப் போன் வரும். அங்கே காலை ஒன்பது மணி. என்ன சமைச்சீங்கள், மழையோ, முழங்கால் நோ எப்பிடி. நானும் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்வேன். அவளுக்கு அது எதற்கு? சொல்ல வேண்டியது ஒரேயொரு சொல்தான். வாரும். அதை ஏழு வருடத்தில் ஒரு நாளும் நான் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சினதாகிவிடும் என்ற வீம்பு. அவளாக வாயைத் திறந்து “வாறன்” என்று சொல்லட்டும் என்று இருந்தேன். நான் கூப்பிடட்டும் என்று அவளும் இருந்தாளோ என்னவோ.

அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல்தான் கதையாக எழுதினேன். கதையில் என்னைப் போலவே ஒரு மனிதன். அவன் மனைவியும் வெளிநாட்டில். ஒரு நாள் எப்படியும் “வாரும்” என்று சொல்லிவிடுவதென்று முடிவெடுத்துக்கொண்டு போனை எடுக்கிறான். வாயைத் திறக்கிறான். அந்தப் பக்கத்தில் குழந்தையின் சத்தம். “பிள்ளை அழுகுது, வைக்கிறன்” என்கிறாள் அவள். “ஓம்” என்று சொல்லிவிட்டு இவனும் வைத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. யாழ்ப்பாணத்துச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. கனடாவுக்குப் போகிற ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். “கிடைச்சுது, வாசிக்கிறன்” என்றாள். பிறகு அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் கெஞ்சினதாகிவிடாதா?

கதை வந்து ஒரு வருடம் கழித்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கிளிநொச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

“ஐயா, உங்கடை கதையைக் குறும்படமா எடுக்கப்போறன்.”

“எடுக்கப்போறன் எண்டு சொல்லுறீரோ, எடுக்கலாமோ எண்டு கேக்கிறீரோ?”

“கேக்கிறன் ஐயா,” என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சரி என்றேன்.

ஒரு மாதம் கழித்துத் திரைக்கதையோடு வந்தாள். கதிரையை வெளியே இழுத்துப்போட்டு வாசித்தேன். நாலாம் பக்கத்தில் கனடாவிலிருந்து போன் வருகிறது: மனைவி இறந்துவிட்டாள். மீதிப் படம் முழுக்க அந்த மனிதன் தனியே வீட்டில் இருக்கிறான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“என்ன பிள்ளை இது? மனிசியைச் சாக்காட்டிப்போட்டீர்?”

“கோவிக்காதேங்கோ ஐயா. உங்கடை கதையிலை ஒரு ஆள் போனிலை கதைக்கிறார், அவ்வளவுதான். அவருக்கு மனிசியை வரச்சொல்ல ஆசை எண்டு நீங்கள் எழுதலாம். சொல்லாத சொல்லை நான் கமராவிலை எப்பிடி எடுக்கிறது? பாக்கிற சனம், ஏன், பிளேன் ஏறி வரலாம்தானே எண்டு கேக்கும். செத்துப்போனா எண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

பிளேன் ஏறி வரலாம்தானே. ஏழு வருடமாக நான் இந்தச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவள் இலேசாகத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாள். அவள்மேல் கோபமா, மனைவிமேல் கோபமா, என்மேல்தான் கோபமா என்று தெரியவில்லை. தாள்களை அவள் கையில் திணித்தேன்.

“அவள் செத்தால் என்ன, கனடாவிலை இருந்தால் என்ன, எனக்கு ரெண்டும் ஒண்டுதான்! சாகட்டும். எடும்!”

 அவள் தலையைக் குனிந்து கொப்பியில் ஏதோ எழுதினாள். படப்பிடிப்புக்கு நாள் குறிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

என் வீட்டிலேயே இரண்டு நாள் எடுத்தார்கள். முதல்நாள் விடியவே எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. கோடைச் சிறுபோகத்தில் முறையைத் தவறவிட்டால் பிறகு ஐந்து நாள் வயல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அந்த நேரம் பார்த்து மேல்காணிக்காரன் மடையைத் தன் பக்கம் திருப்பிவிடுவான். நான் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டும்போது பின்னால் இருந்து அவள் கூப்பிட்டாள்.

“ஐயா, சுவரிலை இருக்கிற அன்ரியின்ரை படத்தைப் பாவிக்கலாமோ? நடிகையின்ரை படம் இன்னும் பெருப்பிச்சு வரேல்லை. தூரத்திலைதான் தெரியும்.”

“என்னத்தையும் செய்யும்!” என்று திரும்பிப் பாராமலே கத்தினேன். என் நினைப்பெல்லாம் மடையில்.

அந்தப் படம் விசாவுக்கு என்று கிளிநொச்சி ஸ்ரூடியோவில் எடுத்தது. சிரிக்கக் கூடாது என்று சொன்னதால் பச்சைச் சேலையில் விறைத்துப்போய் இருப்பாள். அவள் போன பிறகு நான்தான் பெருப்பித்துச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவினேன். மத்தியானம் நான் வந்தபோது படம் பழைய ஆணியில்தான் இருந்தது. நெற்றிக்கு நேரே கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ கறை. தூசி என்று சாரத்து நுனியால் துடைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அவர்கள் கூடத்தில் வேலையாக இருக்க, நான் குசினியில் சோற்றுக்குச் சுண்டுப் பேணியால் அரிசி அளந்துகொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

“தனி ஆளுக்கு ஒரு சுண்டு அரிசியோ ஐயா?”

“நாய் இருக்கு,” என்றேன்.

அவள் வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாய் செத்து அப்போதே இரண்டு வருடம். இரண்டு பேருக்கு அளந்து பழகின கை. மிச்சம் காகத்துக்குத்தான் போகும். 

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கிறேன், படலையில் ஆட்டோ நிற்கிறது. விசுவமடுவில் இருக்கிற என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா, எனக்கு மச்சாள் முறை, வெள்ளைச் சேலையோடு இறங்கினாள். இறங்கும்போதே தொடங்கிவிட்டாள்.

“என்ரை ராசாத்தி... கடைசியா முகம்கூடப் பாக்கேல்லையேடி...”

ஐயோ, மச்சாளின் புருசன்தான் போய்விட்டாரோ என்று எனக்குத் திக்கென்றது. பார்த்தால் அந்த மனிதர் அவளுக்குப் பின்னால் இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். பின்னாலேயே கண்டாவளையில் இருந்து சொந்தக்காரர் நாலு பேர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள்.  ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டு வேலியோரமாக நின்றார்கள்.

“ஆர்? ஆருக்கு என்ன?” என்று கேட்டேன். மச்சாளின் அழுகை இன்னும் கூடியது. பாவம், தம்பிக்கு மூளை பிசகிப்போச்சு என்று நினைத்திருப்பாள்.

எங்கள் சனத்தின் வழக்கம் இது. நல்ல காரியம் என்றால் பத்துத் தடவை போன் எடுத்து மணியும் இடமும் கேட்பார்கள். சாவு என்று காதில் விழுந்தால் கேட்கமாட்டார்கள், வெளிக்கிட்டுவிடுவார்கள். “செத்தது மெய்தானோ?” என்று செத்தவீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்கிற வாய் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

மச்சாளின் புருசன் தன் போனை நீட்டினார். என் வீட்டுச் சுவர். அதில் என் மனைவியின் படம். நெற்றியில் சந்தனப் பொட்டு, சந்தனச் சீவல் மாலை, கீழே சின்ன விளக்கு. அதற்கும் கீழே, முகம் தெரியாமல் குனிந்தபடி, என் கதிரையில் ஒரு கிழவன். அந்த வீடியோக்காரப் பிள்ளை படத்துக்குப் போஸ்டர் என்று இணையத்தில் போட்டிருக்கிறாள்! மேலே படத்தின் பெயர் இருந்திருக்கிறது. லண்டனிலோ ஜேர்மனியிலோ ஆரோ அதை வெட்டிவிட்டு, ‘வட்டக்கச்சி அன்ரி மோசம் போயிட்டா’ என்று எழுதிச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்.

நான் அங்கேயே மனைவிக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். அங்கே படுக்கப்போகிற நேரம்.

“என்னப்பா, இந்த நேரத்திலை?” என்றாள் அவள்.

மச்சாளின் அழுகை பட்டென்று நின்றது. பிறகு கோபம் வந்தது. “என்னடி, நீ உயிரோடையே இருக்கிறாய்?” என்று அதட்டினாள், பிழை அவளுடையது என்பது போல. நான் விசயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரே சிரிப்பு. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைக் கேட்டேன்.

“அக்கா, எனக்கு எவ்வளவு நேரம் அழுதனீங்கள்?”

“படலையிலை இருந்து அழுதுகொண்டெல்லோ வந்தனான்!”

“அது காணும். என்ரை முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு என்ன சமையல் எண்டு இவரைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். மச்சாள் கையை விரித்தாள். “வெளிக்கிட்டது செத்தவீட்டுக்கு. எதுக்கும் வீட்டை போய் முழுகிப்போட்டுத்தான் வாயிலை பச்சைத்தண்ணியும் வைப்பன்.” சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். மற்றவர்களும் போனார்கள். ஒருவர்கூட “போட்டு வாறம்” என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். வந்த பழக்கத்தில் போனார்களோ, தெரிந்துதான் போனார்களோ, தெரியாது.

படலையைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். சிரிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிணம் எடுத்த பிறகு ஒரு வீடு கிடக்குமே, அப்படிக் கிடந்தது வீடு. கதிரை இருந்த இடத்தில் கதிரை, அலுமாரி இருந்த இடத்தில் அலுமாரி, சுவரில் அவள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளில்தான் பிழை விட்டார்கள், வீட்டில் பிழை விடவில்லை என்று பட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. இப்படியே ஒரு நாள் மெய்யான செய்தி வரும், அவளுக்காவது எனக்காவது, அப்போதும் இதே ஆட்டோதான் இதே படலையில் வந்து நிற்கும்.

பயம் என்றால் எனக்குக் கோபமாகத்தான் வரும். படம் எடுத்தவளைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டாள், கண் கலங்கியிருந்தது.

“ஒரு மாலை போட்டால் சனத்துக்கு உடனை விளங்கும் எண்டுதான் ஐயா...”

“நல்லா விளங்கிச்சுது!”

“நீங்கள்தானே என்னத்தையும் செய்யும் எண்டனீங்கள்.”

 போஸ்டரை அன்றே எடுத்துவிட்டாள். படத்திலும் மனைவியின் முகம் தெரியாமல் மங்கலாக்கிவிடுவதாகச் சொன்னாள். சொன்னபடி செய்தாள்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிளிநொச்சியில் ஒரு சிறிய மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். அறுபது கதிரை இருக்கும். முன்வரிசையில் என்னை இருத்தினார்கள். குறை கண்டுபிடிக்க என்றே போனேன், பொய் சொல்வானேன். என் கதையில் ஒரு வரிகூட அதில் இல்லை. ஆனால் என் வீடு இருந்தது. என் குசினி அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு வெறுமையானது என்றும் தெரியாது. கணவனாக நடிக்கும் நடிகர் ஒரு சுண்டு அரிசியை அளக்கிறார். பானையில் போடப்போனவர் நின்று, பாதியைத் திரும்பக் கொட்டுகிறார். பிறகு அந்தப் பாதியையும் எடுத்துப் போடுகிறார். நான் அதை எழுதவில்லை. எழுத எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. படம் எடுத்தவள் என்னைப் பார்த்து எடுத்தது அது. 

அடுத்த காட்சியில் துக்கம் விசாரிக்க வந்தவர் ஏதோ ஆறுதல் சொல்கிறார். நடிகர் சட்டென்று நிமிர்ந்து சொல்கிறார்: “அவள் செத்தால் என்ன, கனடாவிலை இருந்தால் என்ன, எனக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

மண்டபத்தில் கைதட்டினார்கள். அன்று கொப்பியில் எழுதினது இதுதான்! என் குரல், என் வெடுக்கு, என் கழுத்து நரம்புகூட. பக்கத்துக் கதிரைக்காரர் என் காதுக்குள், “அருமையான வசனம், நீங்கள் எழுதினதோ?” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. இதை என் மனைவியும் பார்ப்பாளே என்பதுதான் மனதில் ஓடியது.

பார்த்துவிட்டாள். அன்றிரவே படத்தை இணையத்தில் விட்டிருக்கிறார்கள், மகள் எடுத்துக் காட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. ஏழு வருடத்தில் காய்ச்சலிலும் நில்லாத போன். திங்கட்கிழமை ஆறரைக்கு வந்தது.

“படம் பாத்தனான்,” என்றாள்.

“எப்பிடி?”

“இன்னும் ஒரு சுண்டோ போடுறீங்கள்?”

“நாய்...”

“நாய் செத்துப்போச்சு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”  பிறகு மெல்லக் கேட்டாள். “அந்த வசனம். செத்தால் என்ன, கனடாவிலை இருந்தால் என்ன எண்டு. அது அந்தப் பிள்ளை எழுதினதோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். கதையை மாற்றினவள், ஆளைச் சாக்காட்டினவள், இதையும் அவள் தலையில் போட்டால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள். நாக்கு நுனிவரை வந்தது.

“நான் சொன்னது,” என்றேன்.

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரில் விறைத்துப்போய் இருக்கிறவளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கெஞ்சினதாகவே இருக்கட்டும்.

“கோவத்திலை சொன்னது. எனக்குத் தனிய ஏலாமல் கிடக்கு. நீர் வாருமன்.”

 பிறகு அவளுடைய குரல் வந்தது, சளி பிடித்தது போல.

“பிள்ளை அழுகுது. வைக்கிறன்.”

என் கதையில் அந்த மனைவி சொல்கிற கடைசி வரி. அப்படியென்றால் வாசித்திருக்கிறாள்.

பெரியவனுக்கு இப்போது ஏழு வயது, சின்னவளுக்கு ஐந்து. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். மகளும் மருமகனும் வேலையில். அந்த நேரத்தில் அந்த வீட்டில் அழுவதற்கு அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

கதையில் அந்த மனிதன் “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவான். நான் வைக்கவில்லை. வைக்கிறன் என்றவளும் வைக்கவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைற்றைப் போடக்கூட எழும்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.